கம்பி அறுவதற்கு முன்

2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. கடலூர், பண்ருட்டி வட்டாரத்தில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. தெற்கே கிள்ளையில் எங்களுக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் இரண்டாம் நாளே கைப்பேசி அணைந்தது. டவரில் டீசல் தீர்ந்ததோ என்னவோ, அணையாமல் இருந்த போன்களிலும் சிக்னல் இல்லை. அதற்கு முந்தைய ஒரு வருடமாக, சூரிய விளக்கு அமைப்பது எப்படி, மழைநீரை வடிகட்டுவது எப்படி, புகையில்லா அடுப்பு கட்டுவது எப்படி என்று நாற்பது ஐம்பது இணையப் பக்கங்களைக் கணினியில் குறித்து வைத்திருந்தேன். அவை தேவைப்பட்ட அந்த வாரத்தில் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கைப்பம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தோம்.

தற்சார்பு வாழ்க்கையைக் கற்றுத்தரும் இணைய வளங்களைப் பற்றி எழுத உட்காரும்போது எனக்கு முதலில் அந்த வாரம்தான் நினைவுக்கு வருகிறது. இன்று வளங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் எது இந்த உப்புக்காற்று ஊருக்குப் பொருந்தும், எது கம்பி அறுந்த பிறகும் நம் கையில் இருக்கும் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் அவற்றை அலச முடியும்.

மேல்நாட்டுத் தளங்களைப் பார்க்கிறவர்கள் இந்தச் சிந்தனையே அங்கிருந்து வந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். 1968-இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிராண்ட் வெளியிட்ட 'ஹோல் எர்த் கேட்டலாக்', 1973-இல் ஷூமாக்கர் எழுதிய 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்', அவர் தொடங்கி இன்று 'பிராக்டிகல் ஆக்‌ஷன்' என்ற பெயரில் இயங்கும் அமைப்பு, யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தலாம் என்ற முறையில் 2006-இல் வந்த 'அப்ரோபீடியா', டிராக்டர் முதல் செங்கல் அச்சு வரை ஐம்பது இயந்திரங்களின் வரைபடங்களை இலவசமாகத் தர முனைந்த 'ஓப்பன் சோர்ஸ் ஈக்காலஜி' என்று ஒரு பரம்பரையே இருக்கிறது. ஆனால் அந்தப் பரம்பரையின் வேர் ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது. 1892-இல் அங்கே பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தி 1934-இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். வார்தாவில் அவர் இருந்த மகன்வாடியில் புகை குறைந்த அடுப்பும், மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் விளக்கும் வடிவமைக்கப்பட்டன. 1945-இல் வெளிவந்த அவருடைய 'நிலைத்த பொருளாதாரம்' நூலின் சிந்தனையை ஷூமாக்கர் படித்துத் தன் கட்டுரையில் பெயர் சொல்லி எடுத்தாண்டிருக்கிறார். குமரப்பா கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். ஆஸ்திரேலியக் காட்டில் ஒருவர் பேசாமல் மண்குடிசை கட்டும் காணொளியைக் கோடிப் பேர் பார்க்கும் காலத்தில், கல்லுப்பட்டியின் பெயர் தெரிந்த இளைஞர்கள் கொஞ்சம்தான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். கிள்ளை வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டியது. பிச்சாவரம் அலையாத்திக் காடு கூப்பிடு தூரம். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. இரும்பு எதுவானாலும் துருவேறும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். சமவெளியில் எடுத்த பாடத்தை இங்கே அப்படியே பிரயோகித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சூரிய மின்சாரமே நல்ல சான்று.

தெரிந்த குடும்பம் ஒன்று மூன்று வருடத்துக்கு முன் மாடியில் சோலார் போட்டது. காணொளி பார்த்து, விற்பனையாளரை வரவழைத்து, மானியமும் வாங்கினார்கள். முதல் புயல் மழையில் தெருவில் கரண்ட் போனதும் அவர்கள் வீட்டிலும் போய்விட்டது. கூரை முழுக்கப் பலகை, கீழே இருட்டு. மழை விட்டு வெயில் வந்த பிறகும் கரண்ட் வராதபோது அந்த வீட்டு அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "வெயில்தான் அடிக்குதே தம்பி, அப்புறம் ஏன் ஃபேன் ஓடல?"

காரணம் எளிது. அவர்கள் வாங்கியது கிரிட்டோடு இணைந்த அமைப்பு. லைனில் வேலை செய்யும் ஊழியர்மேல் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, கிரிட் போனால் அந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தருவது இந்த வகைக்குத்தான். மின்கட்டணத்தைக் குறைக்க அது நல்ல திட்டம், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் புயல் இரவில் விளக்கெரிய வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். பேட்டரியோடு தனித்து இயங்கும் 'ஆஃப் கிரிட்' அமைப்போ, இரண்டும் சேர்ந்த 'ஹைபிரிட்' அமைப்போ வேண்டும். நான் பார்த்த தமிழ்க் காணொளிகளில் விலையும் மானியமும் முதல் நிமிடத்திலேயே வந்துவிடுகின்றன. இந்த வேறுபாடு ஒன்பதாம் நிமிடத்தில் வருகிறது, சிலவற்றில் வருவதே இல்லை.

கணக்கு யாரும் போடக்கூடியதுதான். நம் பக்கத்தில் 100 வாட் பலகை ஒன்று நல்ல வெயில் நாளில் 400 முதல் 500 வாட் மணி தரும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு மூன்று, ஐந்து மணி நேரம் எரிந்தால் 135. சாதாரண மின்விசிறி 70, 75 வாட் இழுக்கும், அதையே பி.எல்.டி.சி. விசிறியாக மாற்றினால் 30 வாட்டில் ஓடும், இரவெல்லாம் பத்து மணி நேரத்துக்கு 300. இரண்டு கைப்பேசி சார்ஜ் செய்ய 30. ஆக மொத்தம் 465. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் எழுத்தில் 1,800 வாட் மணி இருக்கும். ஆனால் லெட் ஆசிட் பேட்டரி நீடித்து உழைக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. அப்படியானால் கையில் 900. ஏறத்தாழ இரண்டு இரவு சமாளிக்கலாம். மழை மூட்டத்தில் பலகை கால்வாசிதான் தரும் என்பதால் 100 வாட் போதாது, 200 ஆகப் போடுவது நல்லது. இவ்வளவுதான் விஷயம். ஒரு தாளில் அடங்கும் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போகிறவரை யாரும் ஏமாற்ற முடியாது.

பலகையைச் சாய்க்கும் கோணத்திலும் இடம் பேசும். கிள்ளை ஏறத்தாழ பதினொன்றரை டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. தெற்கு பார்த்து அதே அளவுக்குச் சாய்த்தால் போதும். ஐரோப்பியப் பக்கங்கள் 30, 35 டிகிரி என்று சொல்லும், அங்கே அது சரி. ஆஸ்திரேலியப் பக்கங்கள் வடக்கு பார்க்கச் சொல்லும், அங்கே அதுவும் சரி. உப்புக்காற்றுக்கு ஐ.இ.சி. 61701 என்ற சோதனை இருக்கிறது. அதில் தேறிய பலகையா என்று கேட்டு வாங்க வேண்டும். தாங்கு சட்டம் அலுமினியமாகவோ, நன்றாகத் துத்தநாகம் பூசியதாகவோ இருக்கட்டும். பெயின்ட் அடித்த இரும்பு இங்கே நாலு மழைக்குத் தாங்காது. புயல் எச்சரிக்கை வந்ததும் ஸ்பேனரால் கழற்றி உள்ளே வைக்கும்படி பலகை இருந்தால் இன்னும் நல்லது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு வீட்டுக்குள் நேர்மின்சாரத்தையே ஓட்டி, மாற்றும்போது ஏற்படும் இழப்பைத் தவிர்க்கும் அமைப்பை உருவாக்கியது. பி.எல்.டி.சி. விசிறியின் அருமை தெரிய அந்த ஆய்வுகளைப் படிக்கலாம். என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எட்டாவது படித்த எலக்ட்ரீஷியனுக்கு அவை எட்டாது. நடுவில் ஒரு தளம் காலியாகவே கிடக்கிறது.

தண்ணீருக்கு இணையம் நன்றாகவே உதவுகிறது, காரணம் மழைநீர்ச் சேகரிப்பு நாட்டுக்கு நாடு அதிகம் மாறுவதில்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் அது கட்டாயம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கடலூர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் பெய்கிறது. 50 சதுர மீட்டர் மாடியில் சிந்தல் சிதறல் போக 48,000 லிட்டர் கிடைக்கும். நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால், ஆறு மாதத்துக்கு 3,600 லிட்டர் தொட்டி போதும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நகரத்துக்காக எழுதிய பக்கங்கள் மழைநீரைப் பூமிக்குள் விடச் சொல்கின்றன. நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் எங்கள் ஊரில் தொட்டியில் பிடித்தால்தான் குடிக்க உதவும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியேற்ற ஒரு குழாய், வாயில் துணி, கொசு புகாத மூடி, இவ்வளவு போதும்.

மண் விஷயம் அவ்வளவு எளிதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் தமிழிலேயே படிக்கக் கிடைக்கும் பெரிய களஞ்சியம். பழைய வடிவமைப்பு, தேடுவது சிரமம். ஆனாலும் நான் அதைத்தான் முதலில் திறப்பேன், ஏனென்றால் அங்கே எதற்கும் அளவு இருக்கும். பஞ்சகவ்யத்துக்கு 7 கிலோ சாணம், 1 கிலோ நெய், 10 லிட்டர் கோமியம் என்று தொடங்கி, முப்பது நாளில் தயாராகும் என்றும், 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் கலந்து தெளிக்கலாம் என்றும் சொல்லும். 2007-இல் தொடங்கிய 'பசுமை விகடன்' விவசாயிகளின் அனுபவத்தை அவர்கள் வாய்மொழியாகவே கொண்டுவந்தது, அதன் காணொளிகளிலும் அந்த நயம் உண்டு. மதுரை 'சேவா' அமைப்பின் 'நம்வழி வேளாண்மை' இதழ் நாட்டு மக்களின் கண்டுபிடிப்புகளைச் சேகரித்தது. இவற்றுக்கு அப்பால் யூடியூபில் ஆயிரக்கணக்கான பேர். ஒரு சென்ட் நிலத்தில் மாதம் ஐம்பதாயிரம் என்று தலைப்புப் போடுகிறவர்களை நான் தவிர்த்துவிடுவேன். தோற்ற பயிரையும் காட்டுகிறவர் யாரோ அவரைப் பின்தொடர்வேன். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், பார்வையாளர் எண்ணிக்கை குறைவாக இருக்கும், அவ்வளவே.

கடலோர மண்ணுக்கு வழிகாட்டியது 2004 சுனாமிக்குப் பிறகு நடந்த வேலை. இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வார் நாகப்பட்டினம் கடற்கரைக் கிராமங்களில் உப்பேறிய வயல்களைப் பசுந்தாள் விதைத்து மீட்கும் பணியில் இறங்கினார். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45-ஆம் நாள், மடக்கி உழுதால் மண் மெல்லத் திரும்புகிறது. குழியடிச்சான் போன்ற உப்பைத் தாங்கும் நெல்லையும் இந்தக் கடலோரம் பல தலைமுறையாக வைத்திருந்தது. நெல் ஜெயராமன் 2018-இல் இறக்கும்வரை ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திப் பாரம்பரிய விதைகளைக் கைமாற்றிக் கொடுத்தார். விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். இணையத்தில் ஒரு நெல்லின் படத்தையும் குணத்தையும் பார்க்கலாம், விதை வேண்டுமென்றால் யாரிடமாவது போய்க் கை நீட்டத்தான் வேண்டும். கரூர் மாவட்டம் கடவூரில் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் அதனால்தான் முக்கியம். காணொளியில் பார்த்ததை அங்கே மண்வெட்டி பிடித்துச் செய்து பார்க்கலாம்.

சாண எரிவாயு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984-இல் வந்த தீனபந்து வடிவம் இன்றும் நல்ல வடிவம். 2 கன மீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும், அதாவது ஐந்து மாடு. மீன்பிடித்துப் பிழைக்கும் வீட்டில் அதற்கு வழியில்லை. மருத்துவம் இன்னும் சுருக்கம்: டேவிட் வெர்னரின் 'டாக்டர் இல்லாத இடம்' பற்றிய புகழ்பெற்ற கையேட்டை ஹெஸ்பீரியன் நிறுவனம் இலவசமாகவே தருகிறது, வீட்டில் இருக்கட்டும். பாம்பு கடித்தால் மட்டும் காணொளி தேடாதீர்கள். அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது, நேரே போங்கள்.

இதெல்லாம் இருந்தும், ஒரு தகவல் ஊருக்குள் எப்படி இறங்குகிறது என்பதுதான் இந்த அலசலின் மையம். அதற்கு நல்ல முன்மாதிரி நமக்கு வடக்கே, புதுச்சேரிப் பக்கத்தில் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 வாக்கில் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கரண்ட் நிலையில்லாததால் சூரிய மின்சாரமும் சேர்த்தே ஓடின. எம்பலத்தில் மையம் கோயிலுக்குள் இருந்தது, பெண்கள் நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரத்தைத் தினமும் இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் படித்தார்கள். கட்டுமரத்துக்காரர் கணினியைத் தொடவே வேண்டாம். கரையில் நின்றபடி காது கொடுத்தால் போதும்.

2004 டிசம்பர் 26 காலையில் இந்த ஏற்பாட்டின் பலன் தெரிந்தது. நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்ததும் வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் அறிவு மையத்துக்கு ஓடி, ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கத்தினார்கள். ஊர் வெளியேறியது, உயிர்கள் பிழைத்தன. அதே காலையில் எங்கள் பக்கத்தில் எம்.ஜி.ஆர். திட்டுக்கு அப்படி ஒரு குரல் கிடைக்கவில்லை. அந்தத் தீவுக் குடியிருப்பு அழிந்தே போனது, மிஞ்சியவர்கள் கிள்ளைப் பக்கம் குடிவந்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் ஒரு ஒலிபெருக்கிதான் என்று சொன்னால் மிகையாகும். கரையமைப்பும் தூரமும் வேறு. ஆனால் நல்லவாட்டில் அந்த ஒலிபெருக்கி ஏற்கெனவே தினமும் பேசிப் பழகியிருந்தது. அதன் குரலை ஊர் நம்பியது.

இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் தரும் அலை, காற்று, மீன்வள முன்னறிவிப்புகளை 'மீனவ நண்பன்' செயலி தமிழில் கொடுக்கிறது. மீனவர்களிடம் நான் பார்த்தவரை, தற்சார்புக்கான இணைய வளங்களில் அன்றாடம் உண்மையிலேயே பயன்படுவது இதுதான். தொடங்கிய காலத்திலிருந்து அந்தத் தகவலை யார் கரையில் நின்று கேட்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கியதால் வந்த பலன் இது.

கம்பி முழுதாக அறுந்த காலத்தைத் தமிழர்கள் ஒருமுறை வாழ்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1990-களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் பேட்டரியும் எரிபொருளும் கிடைப்பது அரிது. சைக்கிளை ஸ்டாண்டில் போட்டு மிதித்து, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, துளி மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியில் எரியும் விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. துளி பெட்ரோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். யாரும் விரும்பி ஏற்ற வாழ்க்கை அல்ல அது, அதை அழகாக்கிக் காட்டுவது அந்த மக்களுக்குச் செய்யும் தவறு. ஆனால் அந்தக் கைவேலைகளின் அறிவு தமிழில் இருக்கிறது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து இதழ்களையும் நூல்களையும் மின்வடிவில் காத்து வைத்திருக்கிறது. தேடிப் படிக்க வேண்டிய இடம்.

இணையத்தை இணையம் இல்லாத நேரத்துக்கு எடுத்து வைக்க வழிகள் உண்டு. 'கிவிக்ஸ்' என்ற இலவச மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கி ஒரு மெமரி கார்டில் வைத்துக்கொள்ளலாம். பார்சிலோனாவில் கிரிஸ் டி டெக்கர் நடத்தும் 'லோ டெக் மேகசின்' தளம் 2018 முதல் அவர் வீட்டுப் பால்கனிச் சோலாரில் ஓடுகிறது. மூட்டம் நீடித்தால் தளமே அணைந்துவிடும். அவர் அதை மறைப்பதில்லை. பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்பது பக்கத்திலேயே தெரியும். அணைந்தாலும் படிக்கட்டும் என்று கட்டுரைகளை அச்சுப் புத்தகமாகவும் போட்டுவிட்டார். தமிழில் தற்சார்பு பற்றி எழுதுகிற யாராவது இப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இதுவரை வெளியிலிருந்து நமக்கு வருவதைப் பற்றியே பேசினேன். இங்கிருந்து போனதும் உண்டு. பிச்சாவரம் காடு 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி கூறுபோட்டு வெட்டப்பட்டது. வெட்டிய இடத்தில் மண் தாழ்ந்து, ஓதநீர் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, எதுவும் முளைக்கவில்லை. 1990-களில் சுவாமிநாதன் நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களுமாக மீன்முள் வடிவில் வெட்டி, ஓதம் வந்து போக வழிசெய்தார்கள். உப்பு கழுவப்பட்டதும் கண்டலும் சுரபுன்னையும் பிழைத்தன. அந்த முறை இன்று படங்களோடு இணையத்தில் கிடைக்கிறது, பிற கடற்கரைகளிலும் பின்பற்றுகிறார்கள். 2022-இல் பிச்சாவரம் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நம் சேற்றிலிருந்து உலகத்துக்குப் போன பாடம் இது.

பதிவாகாதது இன்னும் எவ்வளவோ. கிள்ளையை ஒட்டிய இருளர் குடியிருப்புப் பெண்கள் வாய்க்கால் சேற்றில் கழுத்தளவு நீரில் இறங்கி, கையாலேயே தடவி இறால் பிடிக்கிறார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையும் நீருக்கடியில் விரித்து, விரல் நுனியில் இறால் துள்ளுவதைப் பிடித்து, அதே வேகத்தில் பறிக்குள் போடுவார்கள். வலை வேண்டாம், படகு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். எந்த ஓதத்தில் இறங்குவது, தில்லை மரத்துப் பால் கண்ணில் படாமல் எப்படி நுழைவது, எந்தச் சேறு காலை விழுங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு விரலோடு வந்த அறிவு. சுற்றுலாக் காணொளிகளில் அவர்கள் பின்னணியில் இரண்டு நொடி தெரிகிறார்கள். யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

என் வீட்டு அலமாரியில் பாலித்தீன் உறையில் ஒரு நோட்டு இருக்கிறது. தானே புயலுக்குப் பிறகு தொடங்கியது. சோலார் கணக்கு, தொட்டி அளவு, தக்கைப்பூண்டு, கைப்பம்பு வாஷர் மாற்றும் விதம், புயல் நாளில் கழற்ற வேண்டிய போல்ட்டுகளின் அளவு எல்லாம் பேனாவில் எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் இணையத்தில் படித்ததுதான். இறால் பற்றி ஒரு தலைப்பு மட்டும் எழுதி, கீழே இரண்டு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்து தண்ணீர் தெளிந்ததும் குடியிருப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.